ரூஃபஸ் டெல்மோரின் ஐந்தாவது ஃபவுல்

1

சென்ற கிழமை அமெரிக்காவிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. பிரித்தால் உள்ளே ஏதோவொரு சிறுநகரப் பத்திரிகையில் கத்தரித்த துண்டு. ரூஃபஸ் டெல்மோர் படித்த பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அரங்குக்கு இனி அவருடைய பெயராம். புகைப்படத்தில் நகரபிதா சிரித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் ரூஃபஸ். படம் எடுத்தவர் எவ்வளவு பின்னால் போயும் தலையின் உச்சி வெட்டுப்பட்டுவிட்டது. கீழே வாழ்க்கை வரலாறு: கடதாசி ஆலை ஊரில் பிறந்தது, பல்கலைக்கழகப் புலமைப்பரிசில், தொழில்முறை லீக்கில் எட்டு வருடம், ஒரு வருடம் நாட்டின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தெரிவானது, முழங்கால் காயம். கடைசி வரி இது: ‘பின்னர் சில காலம் வெளிநாடுகளில் ஆடினார்.’

அந்தச் ‘சில கால’த்துக்குள்தான் நாங்கள் இருக்கிறோம். எங்கள் தமிழ்ச் சங்கமும் அதன் விதிகளான யாப்பும், யாப்பை மனப்பாடமாக வைத்திருக்கும் தலைவரும், என் மனைவியின் அரிச்சுவடி வகுப்பும், ஒரு மாதம் என்னோடு கதைக்காமல் இருந்த என் மகளும் அதற்குள்தான். பத்திரிகைக்காரர் விட்டதை நானாவது எழுதிவைக்க வேண்டும்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நான் இங்கே வந்து இறங்கியபோது வலைப்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் வித்தியாசம் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் கணிதம் படிப்பித்தவன். எண்பத்து மூன்றுக்குப் பிறகு மனைவி ஜெயமணியையும் மகள் நிரூபாவையும் கூட்டிக்கொண்டு நியூசிலாந்தில் ஒக்லண்டுக்கு வந்தேன். குடிவரவு விண்ணப்பத்தில் ‘உயர் முகாமைத்துவ அனுபவம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு தவணை மாணவர் விடுதிச் சமையலறையை மேற்பார்வை செய்திருக்கிறேன். கட்டம் முழுவதையும் நிரப்பினேன். அதன் பயனாக மனுரேவாவில் ஒரு கிடங்கில் பெட்டி எண்ணும் வேலை கிடைத்தது.

2

வாடகை குறைவு என்று ஏவன்டேலில் குடியிருந்தோம். ஒரே வரிசையில் நாலு வீடுகள், பின்வளவில் நாலு வீட்டுக்கும் பொதுவாகக் குடைபோல் சுற்றுகிற ஒரு துணிக்கொடி. ஒரு சனிக்கிழமை காலை ஜெயமணி துணி காயப்போடப் போனவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“இஞ்சேருங்கோ, வெளியில ஒராள் கொடிக்கு மேலால என்னைப் பாத்து குட்மோர்னிங் சொல்லுது.”

போய்ப் பார்த்தேன். கொடிக்கு மேலே ஒரு கறுத்த முகமும் பெரிய சிரிப்பும் தெரிந்தன. ஆறடி ஒன்பது அங்குலம். கொடியில் கிடந்த ஜெயமணியின் சேலையைக் கையால் அளந்துகொண்டிருந்தார்.

“இது என்ன? திரையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“என் மனைவியின் உடுப்பு.”

“அவரைவிட மூன்று மடங்கு நீளமாக இருக்கிறதே” என்று உண்மையான அக்கறையோடு சொன்னார்.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் துணி காயப்போடுவது என் வேலையாகிவிட்டது. அவர் தன்னுடைய கதையை அந்தக் கொடியடியில்தான் துண்டு துண்டாகச் சொன்னார். தாய் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவர். பன்னிரண்டு வயதில் ரூஃபஸுக்கு அந்த ஊர்க் கடையில் சப்பாத்து அளவு கிடைக்கவில்லை. பள்ளிக்கூடப் பயிற்சியாளர் தன்னுடைய பழைய சப்பாத்தைக் கொடுத்து, பதிலுக்கு அவருடைய பின்னேரங்களை எடுத்துக்கொண்டார். பிறகு பல்கலைக்கழகம், பிறகு லீக். பெரிய நகரங்களில் இருபதினாயிரம் பேர் எழுந்து நின்று அவருடைய பெயரைக் கத்தியிருக்கிறார்கள். ஒரு நாள் பாய்ந்து இறங்கும்போது முழங்காலில் ஏதோ அறுந்த சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது. அடுத்த பருவம் அவருடைய சட்டையின் இலக்கத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகு இத்தாலி, பிலிப்பைன்ஸ். முப்பத்தைந்து வயதில் ஒக்லண்ட்.

இங்கே ஒவ்வொரு கிளப்பும் ஒரு அமெரிக்கரை இறக்குமதி செய்வது வழக்கம். ‘இம்போர்ட்’ என்றே சொல்வார்கள். நான் கிடங்கில் எண்ணும் பெட்டிகளிலும் அதே சொல்தான் அச்சடித்திருக்கும். அவருடைய விசா கிளப்பின் கடிதத்தில் தொங்கியது, என்னுடையது கிடங்கின் கடிதத்தில். இரண்டு பேரும் எங்களைக் கூப்பிட்டவர்களுடைய மனநிலையை வானிலை அறிக்கைபோல் தினமும் கவனித்துக்கொண்டிருந்தோம்.

3

அவர் ஆடுவதை நான் முதன்முதலாகப் பார்த்தது நிரூபாவின் தொல்லையால். அவளுக்கு அப்போது பதினாலு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். பக்கத்து வீட்டில் அப்படியொரு மனிதர் இருக்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு எங்கள்மேல் புதிதாக ஒரு மரியாதை வந்திருந்தது. அதைக் கெடுக்க விரும்பாமல் கூட்டிப்போனேன்.

ரூஃபஸ் ஓடவில்லை. முதலில் அதுதான் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மற்ற ஒன்பது பேரும் மூச்சிரைக்க ஓட, அவர் சந்தைக்குப் போகிறவர்போல் நடந்தார். கொஞ்ச நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். பந்து எங்கே வந்து விழப்போகிறதோ அங்கே அவர் ஏற்கெனவே நின்றார். வளையத்தில் பட்டுத் தெறிக்கும் கோணத்தைப் பந்து கையைவிட்டுப் போகும்போதே கணக்குப் பார்த்துவிடுகிறார். கேத்திரகணிதத்தைப் பதினாறு வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். அதை ஒருவர் உடம்பில் வைத்திருந்ததை அன்றுதான் கண்டேன். ஒருமுறை பந்தைப் பிடித்து, திரும்பிப் பாராமலே முதுகுக்குப் பின்னால் எறிந்தார். அங்கே ஒருவருமே இல்லை. எறிந்த பிறகுதான் அவருடைய அணிப் பையன் ஒருவன் ஓடிவந்து அந்த இடத்தில் நின்றான். பந்து அவனுடைய கையில் இருந்தது. அவனே திகைத்துப்போனான்.

நான் என்னை மறந்து எழுந்து நின்று கைதட்டினேன். நிரூபா என்னை இழுத்து இருத்தினாள். அது எதிரணி இரசிகர்களின் பக்கமாம்.

ஆட்டம் முடிந்தபின் புள்ளிப் பதிவுத் தாளை எட்டிப் பார்த்தேன். மனம் பொறுக்கவில்லை. கோழி கிளறியதுபோல் இருந்தது. ரூஃபஸிடம் அதைச் சொன்னேன். அவர் கிளப் செயலாளரிடம் சொன்னார். அடுத்த சனிக்கிழமை நான் மேசையில் உட்கார்ந்திருந்தேன். அடிக்கோல், மூன்று நிறப் பேனைகள், முன்னால் ஒன்று முதல் ஐந்து வரை இலக்கம் எழுதிய தட்டுகள். ஒரு ஆட்டக்காரர் ஃபவுல் செய்தால் அது அவருடைய எத்தனையாவது ஃபவுலோ அந்தத் தட்டைத் தூக்கிக் காட்டவேண்டும். ஐந்து என்றால் அவர் வெளியே போகவேண்டும். ரெஃபரி எண்ணமாட்டார். எண்ணுவது மேசைக்காரரின் பொறுப்பு. நியூசிலாந்தில் முதன்முறையாக என் படிப்புக்கேற்ற ஒரு பதவி கிடைத்தது. சம்பளம் ஒரு தேத்தண்ணியும் பிஸ்கற்றும்.

4

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு எங்கள் தமிழ்ச் சங்கம் திரண்டு வந்தது. ரூஃபஸைப் பார்க்க வந்தார்கள் என்று நினைக்கவேண்டாம். மேசையில் தமிழர் ஒருவர் இருக்கிறார், தொலைக்காட்சிக் கமெரா வரும் என்று தலைவர் கதிர்காமநாதன் எல்லா வீட்டுக்கும் தொலைபேசி எடுத்திருந்தார். இருபத்திரண்டு பேர் பற்றிஸ், ரோல்ஸ், தேத்தண்ணிப் போத்தல்களோடு எனக்கு நேர் பின்னால் வரிசைபிடித்து உட்கார்ந்தார்கள்.

“எங்கட மாஸ்டர்தான் இஞ்ச மெயின்” என்று தலைவர் பக்கத்திலிருந்தவர்களுக்கு விளக்கியது எனக்குக் கேட்டது. “அவர் தட்டைத் தூக்கினாத்தான் ஆட்டமே நடக்கும்.”

அந்த ஆட்டத்தில் வென்றால் அடுத்த பருவமும் ரூஃபஸை வைத்திருப்பது, தோற்றால் இளம் முழங்கால் உள்ள ஒருவரை இறக்குமதி செய்வது என்று கிளப் தீர்மானித்திருந்தது. கொடியடியில் ரூஃபஸே அதைச் சொல்லியிருந்தார். அந்த வயதில் அவருக்கு வேறு நாடு மிச்சமில்லை.

அன்று அவர் ஆடியதை நான் எப்படி எழுதுவது? முழங்காலில் தடித்த கட்டு. முதல் பாதியிலேயே எதிரணியின் இரண்டு உயரமானவர்களும் களைத்துப்போனார்கள். இரண்டாம் பாதி நடுவில் வளையத்தின் கீழ் ஒரு தள்ளுமுள்ளு. ரெஃபரி மேசையைப் பார்த்து ரூஃபஸின் இலக்கத்தைக் காட்டினார். நாலாவது. நான் நாலாம் தட்டைத் தூக்கிய அதே நேரம் இரண்டு ஆட்டக்காரர்கள் கைகலக்க, அரங்கமே அந்தப் பக்கம் திரும்பியது. தட்டை ஒருவரும் பார்க்கவில்லை. பயிற்சியாளர்கள் இருவரும் மைதானத்துக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம். நாங்கள் ஒரு புள்ளி முன்னால். எதிரணிக்காரன் ஒருவன் வளையத்துக்குப் பாய, ரூஃபஸ் குறுக்கே வந்தார். கை பட்டது. விசில். ரெஃபரி மேசையைப் பார்த்தார்.

அரங்கத்தில் எல்லோரும் அவருக்கு மூன்று ஃபவுல்தான், இது நாலாவது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எதிரணிப் பயிற்சியாளரும் அப்படித்தான். என் கையருகே நாலாம் தட்டும் கிடந்தது, ஐந்தாம் தட்டும் கிடந்தது. நாலைத் தூக்கியிருந்தால் கேட்க ஒருவரும் இல்லை. ரூஃபஸ் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்ததா, எச்சரிக்கை இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

குடிவரவு விண்ணப்பத்தில் விடுதிச் சமையலறை அண்டாவை முகாமைத்துவம் ஆக்கியவன் நான். வருமானவரிப் படிவத்திலும் வீட்டுக்காரரிடமும் கொஞ்சம் வளைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். எல்லாம் மனமறியச் செய்ததுதான். ஆனால் என் கையால் நேராக அடித்த நாலு கோடுகள் தாளில் கிடந்தன. ஐந்தாவதை அடித்தேன். ஐந்தாம் தட்டைத் தூக்கினேன்.

உடனே கிளம்பிய கூச்சலில் என் பேனை உருண்டு கீழே விழுந்தது. கிளப் செயலாளர் ஓடிவந்து தாளைப் பறித்துப் பார்த்தார். கோடுகள் கோணலாக இருந்திருந்தால் வாதாடியிருக்கலாம். ரூஃபஸ் நடந்துபோய் வாங்கிலில் உட்கார்ந்து, துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு புள்ளியால் தோற்றோம். யாரோ எறிந்த தோடம்பழத் தோல் தலைவர் கதிர்காமநாதனின் மூக்குக் கண்ணாடியில் பட்டது. சங்கம் மிச்சமிருந்த பற்றிஸைக் கட்டிக்கொண்டு பக்கக் கதவால் வெளியேறியது.

காரில் நிரூபா கதவை அடித்துச் சாத்தினாள். “டாட், ஹவ் குட் யூ டூ திஸ்?” என்றாள். அதன்பிறகு ஒரு மாதம் எந்த மொழியிலும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜெயமணி வீட்டு வாசலில் கேட்டாள்: “ஒரு கோடு குறைய இழுத்தா உங்கட கை முறிஞ்சே போகும்?”

5

இரண்டு கிழமை ரூஃபஸ் கொடியடிக்கு வரவில்லை. அவருடைய ஈரத்துணிகள் யன்னல்களில் தொங்கின. ஒரு ஞாயிறு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. குனிந்து உள்ளே வந்து, எங்கள் கதிரையில் இருக்கப் பயந்து தரையில் உட்கார்ந்தார். கையில் கிளப்பின் கடிதம். சேவைக்கு நன்றி, இனித் தேவையில்லை. விசாவுக்கு ஆறு கிழமை இருந்தது.

“இந்த வரிசையில் எல்லோருக்கும் படிவம் நிரப்புகிறவர் நீங்கள்தானாம்” என்றார்.

“ஓம்.” என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. “ரூஃபஸ், அன்றைக்கு அது உண்மையில் ஐந்துதான்.”

“ஐந்தா?” என்றார். “நான் ஆறு எண்ணியிருந்தேன். முதல் பாதியில் ஒன்றை ரெஃபரி பார்க்கவில்லை.”

பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்தால் எங்கள் அலுமாரிக் கண்ணாடி அதிரும். ஜெயமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னும் ஒரு கோப்பை அரிசி போட்டாள்.

கிடங்கில் பகல்வேலைக்கு நான் சொல்லிவிடலாம். ஆனால் பெட்டி தூக்குவதற்கு அமெரிக்காவிலிருந்து ஆள் எதற்கு என்று குடிவரவில் கேட்பார்கள். அவருடைய திறமைக்கு ஒரு பதவி வேண்டும். நான் யோசிக்கவேயில்லை. ‘விளையாட்டுப் பயிற்சியாளர், தமிழ்ச் சங்கப் பாடசாலை’ என்று எழுதினேன். அப்படியொரு பதவி உலகத்தில் இருக்கவில்லை. எழுதி முடித்துக் கையெழுத்துக்காக ரூஃபஸிடம் நீட்டினேன்.

அடுத்த ஞாயிறு பிளாக்ஹவுஸ் பே பகுதியில் தலைவர் வீட்டில் அவசரப் பொதுக்கூட்டம். அங்கேதான் எனக்கு வியர்த்தது.

“யாப்பில விளையாட்டு எண்ட சொல்லே இல்லை” என்றார் தலைவர். மூக்குக் கண்ணாடியை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். “பண்பாடு எண்டுதான் இருக்கு.”

“பொம்பிளைப் பிள்ளையள் அரைக் காற்சட்டையோட ஓடுறதோ?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திருச்சிக்காரரான ராமகிருஷ்ணன் சமாதானமாகப் பேசினார். “சார், கிரிக்கெட் சொல்லிக்குடுப்பாரான்னு கேளுங்க. நம்ம பசங்களுக்கு அதான் வரும்.”

ரூஃபஸுக்குக் கிரிக்கெட் தெரியாது என்றேன். அப்படியானால் அவர் எப்படிச் சிறந்த விளையாட்டு வீரர் ஆவார் என்று மூவர் கேட்டார்கள். இரண்டாவது தேத்தண்ணி வந்தது.

ஜெயமணி எழுந்தாள். சங்கப் பாடசாலையில் தமிழ் படிப்பிப்பது அவள்தான். “போன சனிக்கிழமை வகுப்புக்கு வந்தது ரெண்டு பிள்ளையள்” என்றாள். “அதுகும் ஒண்டு தலைவற்ற பேத்தி, மற்றது அந்தப் பிள்ளையோட விளையாட வந்தது. அந்த மனுசன் பந்தைத் தட்டினா இருபது பிள்ளை வரும். தமிழ் படிச்சாத்தான் பந்து எண்டு சொல்லுங்கோ. பண்பாடு வளருமோ இல்லையோ?”

பண்பாடு வளரும் என்று தலைவர் ஒத்துக்கொண்டார். ஆனால் யாப்பின்படி வகுப்பு நேரத்தில் மண்டபத்துக்குள் ஆசிரியரும் மாணவரும் மட்டுமே இருக்கலாம். ரூஃபஸ் தமிழாசிரியர் இல்லை. ஆகவே அவர் மாணவராகப் பதிவு செய்யவேண்டும். வாக்கெடுப்பில் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் தங்களுக்குள் பாதி ஆங்கிலத்திலேயே கதைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கை உயர்த்தினார்கள்.

குடிவரவு அலுவலகத்தில் நான் ரூஃபஸோடு கூடப் போனேன். மேசைக்குப் பின்னாலிருந்த பெண்மணி கடிதத்தை இரண்டுமுறை வாசித்தார்.

“இந்த வேலைக்கு நியூசிலாந்தர் ஒருவரும் கிடைக்கவில்லையா?”

“வகுப்பில் உட்கார்ந்து தமிழ் படிக்கச் சம்மதிக்கிற பயிற்சியாளர் வேறு ஒருவரும் கிடைக்கவில்லை, அம்மணி” என்றேன். என் வாழ்க்கையில் அரசாங்க அலுவலகமொன்றில் நான் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான். முத்திரை விழுந்தது.

6

மூன்று வருடம் ரூஃபஸ் டெல்மோர் எங்கள் பாடசாலையில் இருந்தார். வாரநாட்களில் கிடங்கில் வேலை. சனிக்கிழமை காலைகளில் ஏவன்டேல் தேவாலய மண்டபத்தின் கடைசி வரிசையில், முழங்கால் நாடியில் முட்ட, சின்னக் கதிரையில் உட்கார்ந்து அ, ஆ எழுதினார். ஒரு காலத்தில் இருபதினாயிரம் பேர் பெயர் சொல்லிக் கத்திய மனிதர் ‘ணகரம் வேற, நகரம் வேற’ என்று ஜெயமணியிடம் பேச்சு வாங்கினார்.

வகுப்பு முடிந்ததும் பந்து. இருபது பிள்ளை வரும் என்று ஜெயமணி சொன்னாள். முப்பத்தொரு பிள்ளைகள் வந்தார்கள். அவர் மைதான ஓரத்தில் நிற்கும் பெற்றோரிடமிருந்து மிச்சத் தமிழைப் பொறுக்கிக்கொண்டார். “கெதியா ஓடு பிள்ளை!” என்பார். “பாத்து எறி!” என்பார். பந்தை ‘அவளுக்கு’ அடிக்கச் சொல்வதற்குப் பதில் ஒருநாள் “அவளை அடி, அவளை அடி” என்று கத்தினார். எதிரணியில் ஆடிய மகளைப் பார்க்க வந்திருந்த மலேசியத் தமிழ்த் தாய் ஒருவர் பொலிசைக் கூப்பிடப் போய்விட்டார். வேற்றுமை உருபு பற்றி ஜெயமணி அடுத்த கிழமை முழு வகுப்பும் நடத்தவேண்டியிருந்தது.

பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். நிரூபா நகரத்துப் பாடசாலைகளின் தெரிவு அணிக்குப் போனாள். ஒரு ஆட்டத்தில் அவள் ஓடாமல் நடந்து, பந்து விழுமுன்னே அந்த இடத்தில் போய் நின்றதைப் பார்த்தேன். நான் சொல்லிக்கொடுத்த கணிதம் எதுவும் அவளிடம் அப்படிப் போய்ச் சேரவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. தமிழ் வகுப்பில் அவளும் மற்ற முப்பது பேரும் பந்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு நேரம் இருந்தார்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் கற்றுக்கொள்ளவில்லை.

பிறகு ரூஃபஸின் தாய் நோயில் விழுந்தார். பார்க்க வேறு ஒருவரும் இல்லை. அவர் இரண்டு நாளில் முடிவெடுத்தார். மனுரேவாவில் கிடங்கு முதலாளி ஒரு மாதம் பொறுத்துப் போகலாமே என்று கெஞ்சினார். ‘இம்போர்ட்’ என்று வந்த ஒருவரை இந்த ஊரில் யாராவது போகவேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அது ஒருமுறைதான்.

விமான நிலையத்துக்குச் சங்கம் முழுவதும் வந்தது. தலைவர் மாலை போடக் கைநீட்டினார், எட்டவில்லை. ரூஃபஸ் அந்தப் பழுதான முழங்காலை மெல்ல மடித்து நிலத்தில் ஊன்றி, தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். தமிழின் பெருமை பற்றித் தலைவர் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் உரையாற்றினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்தார்கள். “சீ யா, கோச்.” “சீ யா, கோச்.” நிரூபா அழுதாள். அவளும் அதைத்தான் சொன்னாள்.

என் கையைப் பிடித்து ரூஃபஸ் நெடுநேரம் குலுக்கினார். கடைசியாக ஜெயமணியிடம் போனார். மாலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். வகுப்பில் எழுந்து நின்று விடை சொல்லும்போது நிற்பதுபோல் நின்றார்.

“டீச்சர்,” என்றார், “போட்டு வாறன்.”

போய்விட்டு வருகிறேன் என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு; றகரமும் னகரமும் தெரிந்த உச்சரிப்பு. அக்கம்பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயமணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, “போட்டு வாங்கோ” என்றாள்.

எங்கள் சங்கப் பாடசாலை மூன்று வருடத்தில் உருவாக்கிய ஒரேயொரு தமிழ் பேசும் மாணவர் அன்று பின்னேரம் விமானம் ஏறிப் போனார்.